பேடு சுத்தமா இருக்கணும்

'கிரீச்' என்று ஒரு சத்தம் கேட்டது. மாப்பிள்ளை தோளில் ஏணியோடு அப்படியே நின்றார்.

வாசல் விளக்கு எரியவில்லை. அதை மாற்ற ஏணி வேண்டும். ஏணி வீட்டுக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து வாசலுக்கு வரும் வழியில், சுவருக்கும் மாமனாரின் காருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் அளவுக்குத்தான் இடம். ஏணியையும் சேர்த்து ஒருக்களிக்க மாப்பிள்ளை பார்த்ததுதான் வினை.

ஏணியை மெல்லக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். காரின் இடது பக்கப் பின்கதவில் முழ நீளத்துக்கு ஒரு கீறல், வெள்ளை வெளேரென்று.

"போச்சு!" என்றார்.

கையில் சோப்பு நுரையோடு மனைவி வெளியே வந்தாள். "என்னங்க சத்தம்?"

"ஏணி."

"ஏணி என்ன பண்ணுச்சு?"

அவர் கதவைக் காட்டினார். அவள் நுரைக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, அப்பா தினம் சாயங்காலம் வண்டியை ஒரு சுத்து சுத்திப் பார்ப்பாரே!"

"தெரியும்."

"நான் இல்லைன்னு சொல்லிடுங்க."

"வீட்டுல இருக்கறது நாம ரெண்டு பேரு. நான் இல்லைன்னா அது நீன்னு ஆயிடும்."

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். "அப்ப நீங்கதான்னே சொல்லிடுங்க."

சொல்லிவிடலாம்தான். ஆனால் இன்று புதன்கிழமை. வரும் திங்கட்கிழமை முதல் மாப்பிள்ளைக்குப் புது வேலை. சுற்றுப்பட்ட ஊர்களில் உள்ள மருந்துக் கடைகளுக்கெல்லாம் போய் ஆர்டர் பிடிக்க வேண்டும். "கார் இருக்கா?" என்று கேட்டார்கள். இருக்கிறது என்று சொல்லிவிட்டார். இருப்பது உண்மை. அது மாமனாருடையது என்பதை அவர்கள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

வீட்டோடு மாப்பிள்ளையாகி ஆறு வருஷம். அந்தக் கார்ச் சாவியை அவர் தொட்டதுகூடக் கிடையாது. மகள் போன வாரம் பக்குவமாகப் பேச்செடுத்தபோது, "புதன்கிழமை சாயங்காலம் முடிவு சொல்றேன்" என்றார் மாமனார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. வீட்டில் யாரிடமும் எதையும் சொல்லாமல் இருப்பதில் அவர் பெரிய கெட்டிக்காரர். இன்று காலையிலும், "ஒரு வேலையா போறேன், நாலு மணிக்கு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இப்போது மணி ஒன்பதரை.

அடுத்த தெருவில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பெயிண்டர் ஒருவர் இருந்தார். கதையைக் கேட்டுவிட்டு உள்ளே போய், கையடக்கமான பாலிஷ் மெஷின், ஒரு டப்பா பசை, மெஷினில் ஒட்டிக்கொள்ளும் இரண்டு ஸ்பாஞ்சு வட்டங்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்தார்.

"இந்த வட்டத்துக்குப் பேரு பேடு. நகத்தால தடவிப் பாருங்க. கீறல்ல நகம் மாட்டலைன்னா தேய்ச்சாலே போயிடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா பேடு சுத்தமா இருக்கணும். உங்க மாமனார் வண்டியை நான் பார்த்திருக்கேன். வெயில்லயே கிடந்து பெயிண்ட் செத்துப்போச்சு. தேய்க்கத் தேய்க்க மாவு மாவா வரும். அது பேடுல அடைச்சுக்கும். அழுக்குப் பேடோட தேய்ச்சீங்க, ஒரு கீறல் போய் ஒம்பது கீறல் வரும்."

பெயிண்டர் சொன்னது அத்தனையும் சரி. நகம் மாட்டவில்லை. பசையைத் தடவி மெஷினை ஓட்டினார். கால் மணி நேரத்தில் கீறல் போன இடம் தெரியவில்லை. மாப்பிள்ளை மெஷினை நிறுத்திவிட்டு நாலடி பின்னால் நகர்ந்து பார்த்தார்.

அந்தக் கார் நீலம் என்பது ஆவணங்களில் மட்டும்தான் இருந்தது. கண்ணுக்கு அது சாம்பல். இப்போது அந்தச் சாம்பலின் நடுவே, தலையணை அகலத்துக்கு ஓரிடம் மட்டும் பளிச்சென்று நீலமாக மின்னியது.

"கீறலே தேவலையே," என்றாள் மனைவி. "அதைப் பக்கத்துல வந்து பார்த்தாத்தான் தெரியும். இது தெருக்கோடியிலிருந்தே தெரியுது."

"கதவு முழுக்கத் தேய்ச்சிடறேன். ஒண்ணாயிடும்."

கதவு முழுவதும் நீலமானது. முன்கதவு சாம்பலாகவே இருந்தது. முன்கதவையும் தேய்த்தார். இப்போது இடது பக்கம் ஒரு காரும் வலது பக்கம் வேறொரு காருமாக நின்றது. உரலில் தலையைக் கொடுத்த பிறகு உலக்கைக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது? முழு வண்டியையும் தேய்ப்பது என்று முடிவாயிற்று.

அப்போதுதான் பேடைப் பார்த்தார். அது பேடாகவே இல்லை. நீல மாவும் பசையும் சேர்ந்து இறுகி அடைபோல் ஆகியிருந்தது. இன்னொன்றுக்கும் அதே கதி. பழைய துண்டில் துடைத்தார். துண்டு நீலமானதே தவிர பேடு மாறவில்லை. துணி தேய்க்கும் பிரஷ்ஷால் சுரண்டினார். மேல் மாவு கொஞ்சம் உதிர்ந்தது, உள்ளே போனது போனதுதான். கடைசியில் சமையலறைத் தொட்டியில் போட்டுப் பாத்திரச் சோப்பு விட்டுப் பிசைந்தார்.

"ஏங்க, தொட்டியில தண்ணி இறங்கவே மாட்டேங்குது!"

"அப்புறம் பார்க்கலாம்!"

நன்றாகப் பிழிந்ததாகத்தான் நினைத்தார். ஆனால் ஸ்பாஞ்சின் வயிறு ஆழமானது. வாசலுக்கு வந்து மெஷினில் மாட்டிச் சுவிட்சைப் போட்டதும், வயிற்றிலிருந்த அவ்வளவு நீலத் தண்ணீரும் நாலு திசையும் பறந்தது. சுவரில் பட்டது, அவர் முகத்தில் பட்டது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த மாமனாரின் ஐந்து வெள்ளைச் சட்டைகளிலும் பட்டது. மாமனார் வெள்ளை தவிர வேறு நிறத்தில் சட்டை போட்டு ஊரில் யாரும் பார்த்ததில்லை.

மனைவி சட்டைகளைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். சட்டைகளை அள்ளிக்கொண்டு போய் வாஷிங் மெஷினில் திணித்தாள்.

"சூடான தண்ணி வை. அப்பத்தான் புள்ளி போகும்," என்றார் பின்னாலேயே போன மாப்பிள்ளை. அவள் சோப்புத்தூள் எடுக்கத் திரும்பிய நேரத்தில், ஒரே செலவில் இரண்டு வேலை என்று எண்ணி, இரண்டு பேடுகளையும் சட்டைகளுக்கு நடுவே செருகிவிட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தபோது பேடுகள் கடையில் வாங்கியவைபோல் இருந்தன. அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது.

"புள்ளி போயிடுச்சு," என்றார் மாப்பிள்ளை மெல்ல.

"எங்க போச்சு? சட்டையே புள்ளியாயிடுச்சு," என்றாள் மனைவி. ஐந்து சட்டைகளும் ஒரே சீரான வெளிர் நீலத்தில் இருந்தன. அவளுக்கு அழுகை வந்தது. அழுகையை அடக்கப் பார்த்தபோது சிரிப்பும் வந்து, இரண்டும் சேர்ந்து விக்கலில் முடிந்தது.

வெந்நீரில் கிடந்த பேடு ஒன்றின் முதுகில், மெஷினோடு ஒட்டவைக்கும் பசை கரைந்துபோயிருந்தது. அதை மாட்டி ஓட்டியதும் சுழன்றபடியே கழன்று, சுவரைத் தாண்டி அடுத்த வீட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டது. அடுத்த வீட்டில் பூட்டு தொங்கியது. மணி ஒன்றரை. மிச்சம் ஒரு பேடு. பாக்கி முக்கால் கார்.

மாப்பிள்ளை பெயிண்டருக்குப் போன் போட்டார்.

"தண்ணியில போட்டீங்களா? யாரு போடச் சொன்னது?" என்று பெயிண்டர் பதறினார்.

"நீங்கதானே சுத்தமா இருக்கணும்னு சொன்னீங்க!"

"சுத்தமா இருக்கணும்னா குளிப்பாட்டுறதா? நாள் முடிஞ்சப்புறம் அலசிக் காயப் போடலாம். வேலை நடுவுல காத்துதான் அடிக்கணும். மெஷினை ஓடவிட்டுப் பேடுல காத்து அடிச்சா மாவு தானா பறந்துடும். ஒரு கதவுக்கு ஒரு தடவை."

"காத்துக்கு நான் எங்க போவேன்?"

"அதுக்கெல்லாம் கம்ப்ரஸர் வேணும் சார்," என்று சொல்லிப் பெயிண்டர் வைத்துவிட்டார்.

வீட்டில் கம்ப்ரஸர் இல்லை. சைக்கிள் பம்பு இருந்தது. மனைவி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பம்பை மிதித்துப் பிடித்து அடித்தாள். மாப்பிள்ளை ஒரு கையில் ஓடும் மெஷினும் மறு கையில் பம்புக் குழாயுமாக நின்றார். புஸ்ஸென்று நீல மாவு பறந்தது. பேடு சுத்தமானது.

"இன்னும் வேகமா!"

"இதுக்கு மேல வேகம்னா எனக்கு வேற புருஷன்தான் பார்க்கணும்!"

ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. ஒரு பக்கம் தேய்ப்பது, பிறகு காற்று அடிப்பது, மறுபடி தேய்ப்பது. கூரை முடிந்தது, பானெட் முடிந்தது, வலது பக்கமும் முடிந்தது. காலையிலிருந்து செய்ததில் இது ஒன்றுதான் உருப்படியாக நடந்தது. ஆறு வருஷத்தில் இருவரும் சேர்ந்து ஒரு வேலையை இவ்வளவு நேரம் செய்ததில்லை என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. சொன்னால் பம்பு நின்றுவிடும் என்று சொல்லவில்லை.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மெஷினை அணைத்தார். கார் ஆழ்ந்த நீலத்தில் நின்றது. கதவில் இருவர் முகமும் தெரிந்தது. இரண்டு முகங்களிலும் புருவம்வரை நீல மாவு.

"நான் பள்ளிக்கூடம் போறப்ப இந்த நிறத்துலதாங்க இருந்துச்சு," என்றாள் மனைவி. "சட்டைக்கு என்ன சொல்றது?"

"இதைப் பார்த்தப்புறம் அவரு சட்டையையா பார்க்கப் போறாரு?"

வாசல் கதவு திறந்தது. மாமனார் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் தோளில் பை மாட்டிய ஒருவர்.

மாமனார் இரண்டடி வைத்தார், நின்றார். வாய் திறந்தது, பேச்சு வரவில்லை. ஆனந்தத்தில் அப்படித்தான் ஆகும் என்று மாப்பிள்ளை புரிந்துகொண்டார்.

"யாரு... யாரு மாப்பிள்ளை இதைப் பண்ணினது?"

"நான்தான் மாமா. ஒரே நாள்ல!"

மாமனார் வழக்கமான சுற்றைச் சுற்றவில்லை. நேராக இடது பக்கப் பின்கதவுக்குப் போனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். விரலால் தடவினார், மறுபடி தடவினார். மாப்பிள்ளையும் பின்னாலேயே போய்க் குனிந்து பார்த்தார். பிறகு தைரியம் வந்தது.

"நல்லா பாருங்க மாமா. வண்டி முழுக்கத் தேடினாலும் ஊசிமுனை அளவுக்கு ஒரு கீறல் கிடைக்காது!"

மாமனார் மெதுவாக வந்து வாசற்படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்பாவுக்குக் கண்ணு கலங்குதுங்க," என்று மனைவி காதோரம் சொன்னாள். சாவியைக் கேட்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அதற்குள் கூட வந்தவர் பையிலிருந்து கேமராவை எடுத்துக்கொண்டு, காரை இரண்டு முறை சுற்றிவிட்டு, மாப்பிள்ளையிடம் வந்தார்.

"சார், நான் இன்சூரன்ஸ் ஆபீஸ்லேர்ந்து வரேன், நேத்து லாரி உரசி கதவுல ஒரு கீறல் விழுந்துச்சாமே, போட்டோ எடுக்கணும், அது எந்தப் பக்கம்?"