இயக்குநர் காரின் ஆரஞ்சு விளக்கு அணைந்த வரலாறு

பொதுமக்கள் குறை தீர்ப்புத் துறையின் இயக்குநர் பயணம் செய்யும் காரில், ஒரு திங்கட்கிழமை காலை, ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிந்தது. அந்தத் துறையின் வரலாற்றில் ஒரு குறை நேராக இயக்குநரின் கண்ணெதிரே வந்து நின்றது அதுவே முதல் முறை. மற்ற குறைகளெல்லாம் வாசலில் வரிசையில் நின்று, டோக்கன் வாங்கி, சாப்பாட்டு இடைவேளைக்கு வழிவிட்டு, நாளைக்கு வரச்சொன்னதும் மரியாதையாகத் திரும்பிப் போகும் பழக்கமுள்ளவை.

வாகனப் பிரிவுக் கண்காணிப்பாளருக்கு உடனே அழைப்பு வந்தது.

"யோவ், அது என்னய்யா, இஞ்சின் படம் போட்டு எரியுது?"

"இஞ்சின்ல ஏதோ கோளாறுன்னு சொல்லுது சார்."

"யார்கிட்ட சொல்லுது?"

"உங்ககிட்டதான் சார்."

"நேராவா? நடுவுல ஒருத்தரும் இல்லையா?" இயக்குநர் முகம் சிவந்தது. "அடுத்த மாசம் ஆணையர் ஆய்வுக்கு வர்றார். அதுக்குள்ள அது அணையணும். இல்லேன்னா மலைக்கு அந்தப் பக்கம் நம்ம கிளை ஆபீஸ்ல ஒரு நாற்காலி காலியாத்தான் கிடக்கு."

கண்காணிப்பாளரின் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. கல்யாணமான நாளிலிருந்து இவர் ஒரு ஊர், அவர் ஒரு ஊர். பாதி வாழ்க்கை பேருந்து நிலையத்தில் கையாட்டியே கழிந்துவிட்டது. போன வருடம்தான் மனைவிக்கு இந்த ஊருக்கு மாறுதல் கிடைத்திருந்தது. ஒரே வீட்டில் இருந்து சண்டை போடும் சுகத்தை இருவரும் இப்போதுதான் பழகிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் ஒரு விளக்கு வந்து எரிகிறது.

மெக்கானிக் வந்தார். ஒரு சின்னக் கருவியை ஸ்டீயரிங்கின் அடியில் செருகிப் பார்த்தார்.

"புகைக்குழாயில ஒரு சென்சார் இருக்கு சார். இஞ்சின் விடுற புகையை மோந்து பார்த்துச் சொல்றதுதான் அதோட வேலை. அது புகார் சொல்லுது."

"அப்போ புகார் சொல்றவனை மாத்திடுங்க" என்றார் கண்காணிப்பாளர், யோசிக்காமலே. யோசிக்க வேண்டிய அவசியமில்லை. அது துறையில் நீண்டகாலமாக நடைமுறையில் உள்ள தீர்வு. மூன்றாம் மாடிக் கூரை ஒழுகுகிறது என்று எழுதிக்கொடுத்த எழுத்தரை முதல் மாடிக்கு மாற்றியதும், மூன்றாம் மாடியில் ஒழுகுவதாக அப்புறம் ஒரு பேச்சும் வரவில்லை.

பழைய சென்சார் கழற்றப்பட்டது. புதியது பொருத்தப்பட்டது. கருவியில் ஒரு பொத்தானை அமுக்கினார் மெக்கானிக், விளக்கு அணைந்தது. இயக்குநர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, "நிர்வாகம்னா இதுதான்யா" என்றார்.

வியாழக்கிழமை, சந்தைக்கடை ரவுண்டானாவைத் தாண்டியதும் விளக்கு மறுபடி எரிந்தது.

"புது ஆளும் அதையே சொல்றானா?" என்றார் கண்காணிப்பாளர் நம்ப முடியாமல்.

"அவனையும் மாத்திடலாம் சார்" என்றார் மெக்கானிக். சென்சார் விற்பதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவனையும் மாற்றினார்கள். அவனுக்கு அடுத்து வந்தவனும் ரவுண்டானா தாண்டியதும் அதையே சொன்னான். நாலாவது சென்சாரைக் கையில் எடுக்கும்போதுதான் மெக்கானிக் போகிற போக்கில் ஒரு வார்த்தை விட்டார்.

"குழாய்ல ஒரு விரிசல் இருக்கு சார். வெளிக்காத்து உள்ள போகுது. அதான் எவன் வந்தாலும் இதையே சொல்றான்."

"ஐயையோ, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சென்சாரை மாத்துன்னுதானே சொன்னீங்க? குழாயைப் பத்தி யார் கேட்டா?"

நியாயமான பேச்சு. குழாயைப் பற்றி யார் கேட்பது என்பதில்தான் சிக்கலே இருந்தது. வாகனப் பிரிவுக்குச் சக்கரம், இஞ்சின், விளக்கு, இருக்கை ஆகியவை உண்டு. ஆனால் இந்தத் துறையில் குழாய் என்று எது இருந்தாலும் அது கட்டடப் பிரிவுக்குச் சொந்தம். கண்காணிப்பாளர் கட்டடப் பிரிவுக்கு நடையாய் நடந்தார். கடைசியில் அவர்கள் தங்கள் பிளம்பரை அனுப்பிவைத்தார்கள். அவர் காரின் அடியில் படுத்து, விரிசலுக்கு நேராகக் கையை நீட்டி வெகுநேரம் காத்திருந்தார்.

"ஒரு சொட்டுகூட வரலையே சார். கசிவே இல்லை."

"அது புகைக்குழாய்ங்க. அதுல தண்ணி வராது."

"தண்ணி வராதுன்னா அது அடைப்பு. அடைப்புக்கு வேற ஆள். அவர் லீவுல இருக்கார்."

அந்த வாரம் இயக்குநர் நேர்மறைச் சிந்தனைப் பயிற்சி ஒன்றுக்குப் போய்த் திரும்பியிருந்தார். அப்போது எல்லா அலுவலகத்திலும் அதுதான் மோகம். பயிற்சியாளரை அலுவலகத்துக்கே அழைத்துவிட்டார். வந்தவர் கன்னத்தில் மைக்கை ஒட்டிக்கொண்டிருந்தார். கார் ஷெட்டில் பத்துப் பேர் நடுவில் நின்றுகொண்டும் அதை எடுக்கவில்லை.

"இதை எச்சரிக்கை விளக்கு என்று அழைப்பதை முதலில் நிறுத்துவோம். இது ஒரு வளர்ச்சிக்கான அழைப்பு! எல்லாரும் வண்டியைச் சுற்றி உட்காருங்கள். இஞ்சின் ஓடட்டும். கண்ணை மூடி, மூச்சை ஆழமாக உள்ளே இழுத்து, விளக்கிடம் மனத்தால் பேசுங்கள்."

ஊழியர்கள் இழுத்தார்கள். விரிசலிலிருந்து வந்த புகையும் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் இருமல் கிளம்பியது, தட்டச்சர் சாய்ந்துவிட்டார், கணக்கர் யாருக்கும் தெரியாத ஒரு பெண்ணின் பேரைச் சொல்லிச் சிரித்தார். "பாருங்கள், எப்பேர்ப்பட்ட அமைதி!" என்றார் பயிற்சியாளர், தானும் சுவரைப் பிடித்துக்கொண்டு.

விளக்கு மட்டும் எந்த வளர்ச்சியும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

வீட்டில் கண்காணிப்பாளர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

"ஏங்க, சாப்பிடுங்க. வேலையா போயிடும்?"

"வேலை போகாதும்மா. நான்தான் போவேன். மலைக்கு அந்தப் பக்கம்."

அவர் மனைவி எழுந்துபோய், நடந்த அடிகளைக் கணக்கிடும் தன் கைக்கடிகாரத்தை மேசை விசிறியின் முகப்பில் கட்டிச் சுழலவிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூட ஆசிரியைகள் அத்தனை பேரும் அதைக் கட்டியிருந்தார்கள். "இன்னைக்கு நடக்க மனசில்லை. ஆனா நாளைக்கு எல்லாரும் எண்ணிக்கை கேப்பாங்க" என்றார்.

சுழலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண்காணிப்பாளரின் கை சோற்றிலேயே நின்றது.

மறுநாளே மெக்கானிக்கின் கருவியைப் போல ஒன்றை அலுவலகத்துக்கு வாங்கினார். தினமும் காலையில் இயக்குநர் வருமுன் பொத்தானை அமுக்குவார், விளக்கு அணையும். அழித்ததும் மறந்துபோன குறை, ரவுண்டானா வரை ஓடினால்தான் வண்டிக்கு நினைவுக்கு வந்தது. எனவே ரவுண்டானாவுக்கு அப்பால் நடக்கவிருந்த கூட்டங்கள் யாவும் நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு இப்பால் மாற்றப்பட்டன. அப்பால் வசித்த மக்களின் குறைகள் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டு, இல்லை என்று முடிவு செய்யப்பட்டன.

இயக்குநருக்கு ஒரே பூரிப்பு. புகார் தொலைபேசியில் மணி அடித்தால் எரியும் விளக்கையும் காலையிலேயே அணைத்து வைக்கச் சொன்னார். மற்ற துறைகளிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கடைத்தெருவில், காரின் விளக்குப் பலகையை மறைக்கும் பூப்போட்ட ஸ்டிக்கர்கள் விற்கத் தொடங்கின. பச்சை இலை போட்டதற்குத்தான் கிராக்கி.

இதற்கிடையில் இஞ்சின், தன்னை யாரும் கேட்கவில்லை என்பதால், கரும்புகை கக்கிப் பார்த்தது, உதறிப் பார்த்தது. ஆய்வுக்கு முந்தின நாள் நின்றேவிட்டது.

கண்காணிப்பாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். காரோட்டிதான் தேற்றினார். "ஏன் சார் கவலைப்படுறீங்க? விளக்கு எரியக்கூடாதுன்னுதானே உத்தரவு? வண்டி ஓடணும்னு யாராவது சொன்னாங்களா? சாவியைப் பாதி திருப்பினா ஸ்டீயரிங் திரும்பும், விளக்கும் எரியாது. பின்னாடி இருந்து தள்ள ஆள் இருந்தாப் போதும்."

ஆணையர் வந்தார். காரில் ஏறினார். எழுத்தர், கணக்கர், தட்டச்சர் எல்லாரும் பின்னால் நின்று தள்ளினார்கள். ஆள் போதவில்லை. வாசலில் டோக்கனோடு நின்ற பொதுமக்களைக் கூப்பிட்டார்கள்.

"தள்ளினா எங்க தெருவிளக்கு விஷயம் முடியுமா சார்?" என்றார் ஒரு பெரியவர்.

"முதல்ல தள்ளுங்க பெரியவரே, அப்புறம் பேசலாம்."

அவர் தள்ளினார். அவருக்குப் பின்னால் வரிசையும் தள்ளியது. கார் வளாகத்தை ஒரு சுற்று சுற்றி வந்தது. ஆணையர் இறங்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

"சத்தம் இல்லை, அதிர்வு இல்லை, புகையே இல்லை! இப்படியொரு வண்டியில நான் போனதே இல்லையே. போதாக்குறைக்கு, மக்களே பின்னால நின்னு துறையை நடத்துறாங்க! யாருங்க இதுக்குப் பொறுப்பு?"

கண்காணிப்பாளர் முன்னே தள்ளப்பட்டார். அங்கேயே பதவி உயர்வு அறிவிக்கப்பட்டது. அன்று மாலை உத்தரவும் கைக்கு வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் உள்ள கிளை அலுவலகத்தில் அத்தனை வண்டியிலும் விளக்கு எரிகிறதாம். இவரைப் போன்ற திறமைசாலி உடனே அங்கே தேவையாம்.

"சார், விளக்கை அணைச்சா இங்கேயே இருக்கலாம்னு..." என்று இயக்குநர் எதிரே நின்று இழுத்தார் கண்காணிப்பாளர்.

"அணைக்கலைன்னா தண்டனையா அனுப்பியிருப்பேன். இப்ப கௌரவமா அனுப்புறேன். வித்தியாசம் தெரியலையா?"

"குடும்பம் இங்க இருக்கு சார்..."

இயக்குநர் நிமிர்ந்து பார்த்தார். "என்னய்யா, இந்தத் துறையில இருந்துகிட்டே குறை சொல்றீரா?"

பேருந்து நிலையத்தில் அவர் மனைவி பழைய பழக்கத்தில் சரியான தூரத்தில் நின்று, சரியான நேரத்தில் கையாட்டினார். "நீங்க அந்த விளக்கை எரியவே விட்டிருக்கலாங்க" என்றார்.

"அப்பவும் இதே பஸ்தாம்மா."

முன் இருக்கைதான் கிடைத்தது. உச்சி வெயிலில் பேருந்து மலையேறியது. ஓட்டுநருக்கு எதிரே சிவப்பில் ஒன்றும் மஞ்சளில் இரண்டும் எரிந்தன. எங்கிருந்தோ ஒரு கீச்சுச் சத்தம் விடாமல் கத்தியது. கண்காணிப்பாளரால் பொறுக்க முடியவில்லை. மனசு கெட்டுக் கிடக்கும்போது இது வேறா?

"அண்ணே, அதுமேல எதையாவது போடுங்களேன். பார்க்கவே எரிச்சலா வருது."

"நானும் காலையிலேர்ந்து அதைத்தான் நினைக்கிறேன் சார். பயணிங்க என்ன சொல்வாங்களோன்னு விட்டு வெச்சிருந்தேன்" என்று ஓட்டுநர் தோள் துண்டை எடுத்துப் போட்டார்.

"துண்டுல வெளிச்சம் தெரியுதுங்க, இந்தாங்க சால்வை" என்று பின்னாலிருந்து ஒரு அம்மா நீட்டினார். ஒருவர் தலையணை கொடுத்தார்; அதை அமுக்கியதும் சத்தமும் நின்றது. "புண்ணியமாப் போச்சு சார், தலைவலியே விட்டுப்போச்சு" என்று ஆளாளுக்கு நன்றி சொன்னார்கள்.

உச்சியைத் தாண்டிப் பேருந்து இறங்க ஆரம்பித்தது. முதல் வளைவை எடுத்தது. இரண்டாவதை அதைவிட வேகமாக எடுத்தது.

"பார்த்தீங்களா, மூடினதும் வண்டி என்னமா பறக்குது!" என்றார் அந்த அம்மா. எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.