மூன்று நிமிஷத்தில் எசெல்

ஓஹையோ,
மார்ச் 1995.

டெட்ராய்ட்டில் பிள்ளைகுட்டிகளோடு இருக்கும் அருமைத் தங்கை ஓப்பலுக்கு, அக்கா லூவெனியா அநேக முத்தங்களுடன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மருமகனுக்குக் கார்த் தொழிற்சாலையில் திரும்ப வேலை கிடைத்ததா? எல்லாவற்றுக்கும் பதில் போடு. இதற்கு மேல் நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. வாஷிங்டன் போய்வந்த நாளிலிருந்து வயிறு பற்றி எரிகிறது.

"போகாதக்கா, நம்ம பேச்சை எவன் மதிக்கப்போறான்?" என்று போனில் தலைபாடாக அடித்துக்கொண்டாய். எப்படிப் போகாமல் இருப்பேன்? என் தம்பி, உன் அண்ணன் எசெலுக்கு, வயிற்றுக் கட்டிக்குப் புது வைத்தியம் என்று சொல்லி உடம்பு முழுக்கக் கதிர்வீச்சு பாய்ச்சினார்கள். அது வைத்தியமே இல்லை, அணுகுண்டுப் போரில் சிப்பாய் எவ்வளவு கதிர்வீச்சு தாங்குவான் என்று பார்க்கிற சோதனை. அதை அவனிடம் ஒரு பாவியும் சொல்லவில்லை. வாந்தி எடுத்தே செத்தான். நமக்கே இத்தனை காலம் கழித்து, போன வருஷம் பேப்பரில் படித்துத்தான் தெரிந்தது. மனிதர்களுக்குத் தெரியாமல் அவர்கள்மேல் சோதனை நடத்தியது சரியா என்று இப்போது அரசாங்கம் குழு போட்டு விசாரிக்கிறது, பொதுமக்களும் பேசலாம் என்றால், அவன் கூடப்பிறந்தவள் போகாமல் வேறு யார் போவது?

பொதுமக்களை அழைத்த லட்சணத்தைக் கேள். அரசாங்க கெசட்டில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் போட்டிருந்தார்கள். நூலகத்து மெல்பா மட்டும் தேடிக் கொடுக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. பேர் கொடுக்கப் போன் பண்ணினால் ஒரு பெண், "எந்த அமைப்பு சார்பா பேசறீங்க?" என்றாள். "எங்க அம்மா அப்பா சார்பா" என்றேன். "உங்க துறை என்ன மேடம்?" "ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவ. நீயே சொல்லும்மா, செத்தவனுக்கு அக்காவா இருக்கறது எந்தத் துறையில வரும்?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதரன்னு போட்டுக்கறேன்" என்றாள். கூட்டமோ வேலைநாளில், அதுவும் ஊருக்கு வெளியே, விமான நிலையத்தை ஒட்டிய ஹோட்டலில். பஸ்ஸில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு கழன்று போய்ச் சேர்ந்தால், வாசல் காவல்காரன் என் கறுப்பு முகத்தைப் பார்த்ததும், "சமையல்கட்டு வேலைக்குன்னா பின்பக்கமாப் போங்க" என்கிறான். ஓப்பல், என் தலையில் சபைக்குப் போட்டுப்போகும் அந்த ஊதா நிற ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி இருந்தது! அதைப் போட்டுக்கொண்டு எவளாவது பாத்திரம் கழுவப் போவாளா?

காலை முழுக்க டாக்டர்கள் பேசினார்கள். செத்தார்கள் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை, "பாதகமான விளைவு" என்றார்கள். பொதுமக்கள் நேரம் சாப்பாட்டுக்குப் பிறகு என்று தள்ளினார்கள், அப்புறம் இன்னும் தள்ளினார்கள். என்னைக் கூப்பிட்டபோது குழுவில் பாதிப்பேர் விமானத்தைப் பிடிக்கக் கிளம்பியிருந்தார்கள். "மூணு நிமிஷம்தான். பச்சை லைட்ல ஆரம்பிங்க, சிவப்பு வந்தா நிறுத்திடணும்" என்றார் தலைவர்.

இங்கேதான் என் வாயே எனக்குச் சத்துரு ஆனது. நம் சபையில் சாட்சி சொல்ல எழுந்தால் நாம் எப்படி ஆரம்பிப்போம்? எடுத்த எடுப்பில் விஷயத்துக்குப் போனால் அம்மா தொடையில் கிள்ளமாட்டாளா? தேவனுக்கு மகிமை சொன்னேன். போதகர் கில்லியமுக்கும் அவர் மனைவிக்கும், ஊரில் இருந்தாலும், மரியாதை சொன்னேன். மூப்பர்களுக்கு, பாடகர் குழுவுக்கு, குழுத் தலைவருக்கு, உறுப்பினர்களுக்கு, எழுந்து போய்விட்ட உறுப்பினர்களுக்கு, வந்திருந்த நண்பர்களுக்கு எல்லாம் சொன்னேன். யாராவது "ஆமென்" சொல்லட்டும் என்று நின்றேன். ஒரு குரலும் இல்லை. இவர்கள் மனசு இன்னும் இளகவில்லை போலிருக்கிறது என்று ஒரு சரணம் பாடினேன். "என் தம்பி பேரு எசெல்" என்றேன். சிவப்பு எரிந்தது.

"நன்றி மேடம், மனசைத் தொட்டுட்டீங்க."

"ஐயா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"

"மிச்சத்தை எழுதி அனுப்பிடுங்க, பத்து நகல்."

"அவனைக் கொன்னதைச் சொல்லவே இல்லைங்களே!"

மைக்கை அணைத்துவிட்டார்கள். காலையில் ஒரு டாக்டர் தன் நேரம் முடிந்தும் அரைமணி இழுத்தாரே, அப்போது அந்தச் சிவப்பு விளக்கு பீஸ் போய்க் கிடந்ததா? என் தப்பு என்று ஒத்துக்கொள்கிறேன், ஓப்பல், ஆனால் முழுத் தப்பும் என்னுடையது இல்லை. முப்பத்தொரு வயசில் செத்த ஒருத்தனை மூன்று நிமிஷத்தில் எவளால் சொல்லி முடிக்க முடியும்? பஸ் நிலையக் கழிப்பறையில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஓவென்று அழுதேன்.

ஆகையால் நீ சொன்னதே சரி. இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன். நீயும் போகாதே, பிள்ளைகளையும் விடாதே. கர்த்தர் உன் வாசலையும் அடுப்பையும் காப்பாராக. மருமகனுக்கு என் அன்பு, பேரப்பிள்ளைகளுக்குக் கன்னத்தில் ஒரு கிள்ளு.

உன் அக்கா,
லூவெனியா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மெல்பா வந்தாள். அடுத்த கூட்டத்துக்கும் ஆளுக்கு மூன்று நிமிஷம்தானாம். ஆனால் ஒரே விஷயத்தை எத்தனை பேர் பேசலாம் என்று கெசட்டில் ஒரு வரிகூட இல்லையாம். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. சபையில் பதினெட்டுப் பேருடைய பேரையும், கேட்காமலே உன் பேரையும் கொடுத்துவிட்டேன். எசெல் கதையை அவன் பிறந்ததிலிருந்து வரிசையாக ஆளுக்கொரு துண்டு பிரித்தாயிற்று. கடைசி நாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நீதான், அதனால் அவன் செத்தது உன் பங்கு. அழுகை வரும். நிறுத்தாதே, அழுதுகொண்டே சொல்.