நாலு சில்லும் இழுக்கிற ஜீப்

வாகனம் வாங்கப்போகிறவனுக்கு ஊரில் அந்நியர் என்று ஒருவரும் இல்லை. சைக்கிளைத் தவிர வேறெதையும் தொட்டறியாத மனிதர்கூட வழியில் மறித்து, "டீசல்தானே?" என்று கேட்பார். ஓம் என்றால் தலையை ஆட்டுவார். இல்லை, பெற்றோல் என்றாலும் அதே ஆட்டுத்தான். நல்லதென்று ஆட்டுகிறாரா, உருப்படமாட்டாய் என்று ஆட்டுகிறாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

யுத்தம் முடிந்து, நேவியின் பாஸ் இல்லாமல் கடலுக்குப் போகலாம் என்று ஆகி, கற்பிட்டி வீதி காப்பெற் தார் போட்டுப் பளபளத்துக்கொண்டிருந்த காலம் அது. நான் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்தவன். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவன். கலியாணம் செய்ததோ குறிஞ்சிப்பிட்டியில், கடற்றொழில் செய்கிற வீட்டில். என் மனைவி றீற்றாவின் தகப்பனுக்கு, அதாவது என் மாமாவுக்கு, ஒரு பைபர் படகு இருந்தது. எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. கடல் கொந்தளிக்கிற மாதங்களில் படகு களப்பில் கிடக்கும். கடல் அடங்கியதும் அதை ட்ரெய்லரில் ஏற்றி, கடல்கரைக்கு இழுத்துக்கொண்டு போகவேண்டும். இழுக்கிறதற்கு ஊரிலிருந்தது ஒரேயொரு உழவு இயந்திரம். அதன் சொந்தக்காரருக்கு மனம் வருகிற நாளில்தான் மாமாவுக்குக் கடல் அடங்கும். மற்றவர்கள் மீனோடு கரைக்கு வருவதைப் பார்த்துப் பார்த்து மாமாவுக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது.

ஆகவே, வீட்டில் எல்லாருடைய சேமிப்பையும் ஒன்றாகப் போட்டு ஒரு பழைய ஜீப் வாங்குவதென்று முடிவாயிற்று. மணலில் படகை இழுக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தைக் கோவிலுக்கு ஏற்றவேண்டும். மாமியின் முழங்கால் நோவுக்கு ஆஸ்பத்திரிக்கும் போகவேண்டும். மாமா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"மாஸ்டர், நீங்க படிச்ச ஆள். நீங்களே பாத்து எடுங்க."

எனக்கு நெஞ்சு இரண்டங்குலம் விரிந்தது. அதற்குமுன் அவர் என்னிடம் ஒப்படைத்த ஆகப்பெரிய பொறுப்பு, காயப்போட்ட கருவாட்டைக் காகம் தூக்காமல் பார்ப்பது. (அதிலும் கொஞ்சம் போய்விட்டது.) இந்த ஜீப் விஷயத்திலாவது என்னை ஒரு மனிதனாக அவர் மதிக்கவேண்டும் என்று மனம் கிடந்து தவித்தது.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறைக்குள் போய் ஆலோசனை கேட்டேன். அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். கணித ஆசிரியர், "எஞ்சினைத்தான் பாக்கவேணும்" என்றார். விஞ்ஞான ஆசிரியர், "எஞ்சினை மாத்தலாம், பாடியை மாத்தேலுமா?" என்றார். சமய ஆசிரியர் இலக்கத்தகட்டு எண்ணைக் கூட்டிப் பார்க்கச் சொன்னார். இடைவேளை மணி அடிக்கிறபோது அவர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் வகுப்புக்குப் போனார்கள். எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு பாடம்: ஜீப்பில் இரண்டாவது லீவர் ஒன்று இருக்கும், அதை இழுத்தால் பச்சை லைட் பத்தும், பத்தினால் நாலு சில்லும், அதாவது நாலு சக்கரமும், இழுக்கும்.

நுரைச்சோலையில் ஒரு முஸ்லிம் நானா வீட்டில் ஜீப் இருப்பதாகக் கேள்விப்பட்டு நான், றீற்றா, மாமா, மாமி என்று குடும்பமாகவே போய் இறங்கினோம். பெண் பார்க்கப் போனதுபோல நானா வீட்டில் தேத்தண்ணியும் வட்டிலாப்பமும் தந்தார்கள். கரும்பச்சை நிறத்தில் ஒரு கிழட்டு ஜப்பான் ஜீப் முற்றத்தில் நின்றது.

மாமாவுக்குத் தெரிந்த வாகனம் படகு ஒன்றுதான். ஆகவே ஜீப்பையும் படகு பார்க்கிறமாதிரியே பார்த்தார். விரல் முட்டியால் சுற்றிச்சுற்றித் தட்டி, காதை வைத்துக் கேட்டார். கதவின் கரையை விரலால் தடவி, நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு இல்லை என்று கண்டதும் முகம் மலர்ந்தது. பிறகு ஒரு சாக்கை விரித்து ஜீப்புக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டு என்னையும் கூப்பிட்டார்.

"அடிதான் மாஸ்டர் முக்கியம். அடி பழுதெண்டா படகே இல்ல. பாருங்க, ஒரு துரு இல்ல. எவ்வளவு வெளியா, சுத்தமா இருக்கு!"

நான் அதுவரை எந்த வாகனத்தின் அடியையும் கண்டதில்லை. சுத்தமாகத்தான் இருந்தது. சாமான் குறைந்த வீடு கூட்டுவதற்கு லேசு என்று நினைத்துக்கொண்டேன். வெளியே றீற்றா கண்ணாடி இறங்குமா என்று கேட்டாள். மாமி இந்த உயரத்தில் எப்படி ஏறுவது என்று புலம்பினார். மாமா பக்கத்தில் படுத்தபடி துருவைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். இத்தனைக்கும் நடுவில், மேலே நின்ற நானா எனக்கு எதையோ விளக்கமாகச் சொன்னார். அவருடைய செருப்பும் சாரத்தின் கரையும்தான் எனக்குத் தெரிந்தன. சொல்லி முடித்து, "விளங்கினதா மாஸ்டர்?" என்றார்.

நான் கீழே கிடந்தபடி, "ஓம், ஓம்" என்றேன்.

எழும்பி மணலைத் தட்டிவிட்டு, ஜீப்புக்குள் ஏறி, இரண்டாவது லீவரை இழுத்தேன். பச்சை லைட் பத்தியது. படித்த ஆள் முடிவெடுத்துவிட்டான்.

ஜீப் வீட்டுக்கு வந்தது. பாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். பின் சீட்டில் ஏறிய மாமி, கீழே ஏதோ காலில் இடிக்கிறது என்றார். மாமா குனிந்து இழுத்தார். சாக்கில் சுற்றிய ஓர் இரும்புத் தண்டு. கை நீளம், நல்ல பாரம், இரண்டு முனையிலும் ஓட்டை போட்ட தட்டுகள்.

"மாஸ்டர், இது என்ன?"

எனக்கு எப்படித் தெரியும்? ஆனால், தெரியாது என்று சொல்கிற தைரியம் அன்றைக்கு எனக்கு இல்லை. "அது சும்மா ஒரு மேலதிகச் சாமான், மாமா" என்றேன்.

மாமா ஓட்டைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அவருடைய நங்கூரம் களப்பில் கல்லுக்குள் சிக்கி அறுந்து போயிருந்தது. "கயிறு கட்ட வடிவான ஓட்டை" என்று சொல்லி அதைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். நானா தங்கமான மனுசன் என்று அன்று இரவுச் சாப்பாட்டில் எல்லாரும் ஒரு மனதாகச் சொன்னோம்.

கடல் அடங்கியது. ஒரு காலை ஜீப்புக்குப் பின்னால் ட்ரெய்லரைக் கொழுவி, படகை ஏற்றிப் புறப்பட்டோம். றீற்றா எனக்குப் பக்கத்தில். பின் சீட்டில் மாமி, திருவிழாச் சீலையோடும் செபமாலையோடும். மாமா படகுக்குள் எழும்பி நின்றுகொண்டு வந்தார், சுற்றுப்பிரகாரத்தில் வருகிற சுரூபம்போல. காப்பெற் ரோட்டில் ஜீப் வழுக்கிக்கொண்டு போயிற்று. சனம் பார்த்தது. உழவு இயந்திரக்காரரும் பார்த்தார். அவருக்கு நான் கை காட்டினேன். (அதை நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது.)

மணல் தொடங்கியதும், "ஃபோர் வீலைப் போடுங்கோ" என்றாள் றீற்றா. போட்டேன். பச்சை லைட் பத்தியது. கரை சரிவாக இருந்ததால் பின்பக்கமாகவே தண்ணீர்வரை இறக்கினேன். படகு மிதந்தது. மாமா கோலால் தள்ளி, அலைக்கு அப்பால் போய், நங்கூரத்தைப் போட்டுவிட்டு, என் வெற்றியைப் பார்ப்பதற்காகத் திரும்பி நின்றார்.

நான் ஆக்ஸிலேட்டரில் கால் வைத்து அமத்தினேன். ஜீப் உறுமியது. நகரவில்லை.

பின் சில்லுகள் இரண்டும் மணலைத் தோண்டித் தங்களுக்குக் குழி வெட்டின. முன் சில்லுகள் கலியாண வீட்டு மாப்பிள்ளைபோல அசையாமல் இருந்தன. கரையில் நின்ற எல்லாருக்கும் வாய் திறந்தது. "முன்னுக்கு எடுங்க!" "பின்னுக்கு விட்டு எடுங்க!" "ஸ்டியரிங்கை ஒடிங்க!" "ஐயோ, ஒடிக்காதீங்க!" மாமா கடலிலிருந்து இரண்டு கையாலும் எதையோ காட்டினார். அமத்து என்கிறாரா, விடு என்கிறாரா தெரியவில்லை. ஆகவே இரண்டையும் மாறிமாறிச் செய்தேன். பச்சை லைட் மட்டும் மனம் தளராமல் பத்திக்கொண்டிருந்தது.

அலை வந்து போகிற ஒவ்வொரு முறையும் ஜீப் கொஞ்சம் இறங்கியது. பின் கதவால் தண்ணீர் உள்ளே வந்தது. மாமி காலிரண்டையும் தூக்கிச் சீட்டில் வைத்துக்கொண்டார்.

"மாமி, இறங்குங்கோ!"

"நான் இறங்கமாட்டன். சீலை நனையும். தம்பி எப்பிடியும் வெளிய எடுப்பார்."

அந்த ஊரிலேயே என்னை நம்பிய ஒரே சீவன் அவர்தான். எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு பேருடைய சேமிப்பும் என் கண்ணுக்கு முன்னால் கடலுக்குப் போகிறது. என்னை நம்பி ஒப்படைத்த மனிதர் படகில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். பூமி பிளக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அது ஜீப்புக்குக் கீழேதான் பிளந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் பக்கத்து மீன்வாடியிலிருந்து கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி வந்தார். பெரிய மனிதர், பெரிய தொந்தி, நிதானமான நடை. ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார். உள்ளே செபமாலை சொல்லிக்கொண்டிருந்த மாமியையும் பார்த்தார்.

"வலையில சுறா இழுத்திருக்கிறம், திருக்கை இழுத்திருக்கிறம். ஜீப் இண்டைக்குத்தான்" என்று சொல்லிவிட்டு ஆட்களைக் கூப்பிட்டார்.

வலைக்கயிற்றை முன்கொக்கியில் கட்டினார்கள். வாடிக்காரர் பிடித்தார்கள். மீன் வாங்க வந்த யாவாரிகள் பிடித்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் பிடித்தார்கள். உழவு இயந்திரக்காரரும் வந்து பிடித்தார். வலை இழுக்கிறபோது பாடுகிற அம்பாப் பாட்டு எழும்பியது. ஒருவர் இழுத்துப் பாட, மற்றவர்கள் பின்பாட்டுச் சொல்லிப் பின்னோக்கி நடக்க, உள்ளே மாமியின் "அருள் நிறைந்த மரியே" அதற்கு மேலால் கேட்க, ட்ரெய்லர் வாலோடு ஜீப் அங்குலம் அங்குலமாகக் கரையேறியது. சீலை நனையாமல் மாமி இறங்கினார்.

நான் நானாவுக்குப் போன் எடுத்தேன். "நானா, ஃபோர் வீல் வேலை செய்யுதில்லையே!"

"எப்பிடி மாஸ்டர் வேலை செய்யும்? முன் சில்லுக்குப் போற ஷாப்டைப் பூட்டினீங்களா?"

"எந்த ஷாப்ட்?"

"ரோட்டுல ஓடக்குள்ள டீசல் கூடக் குடிக்கிது எண்டு நாந்தான் கழட்டி வச்சன். சாக்குல சுத்தி, பின் சீட்டுக்குக் கீழ. அண்டைக்கே வெவரமாச் சொன்னேனே! நீங்க கீழ படுத்துக்கிட்டு ஓம் ஓம் எண்டீங்களே!"

நான் மெதுவாகத் திரும்பிக் கடலைப் பார்த்தேன். றீற்றாவும் பார்த்தாள். அலைக்கு அப்பால், எங்கள் ஜீப்பின் முன் இரண்டு சில்லுகளுக்கும் உரிய பலத்தில், மாமாவின் படகு ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

நங்கூரத்தைத் தூக்கச் சொல்லி இரண்டு கையாலும் காட்டினேன். ஜீப் கரையேறிய சந்தோசத்தில் கை காட்டுகிறேன் என்று நினைத்து, மாமாவும் எனக்குக் கை காட்டினார். கலியாணம் செய்த நாலு வருசத்தில் அதுதான் முதல் தடவை. கடைசியில் ஒருவர் தெப்பத்தில் போய் விசயத்தைச் சொல்ல, மாமா கயிற்றை இழுத்து, சொட்டச்சொட்ட அந்தத் தண்டைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். கரை முழுவதும் ஆரவாரம் செய்தது.

படகை அந்த ஆளிடம் விட்டுவிட்டு, தெப்பத்தில் ஷாப்டோடு வந்து இறங்கினார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். அவர் தண்டைத் திருப்பித்திருப்பிப் பார்த்தார்.

"மாஸ்டர், சும்மா சொல்லக்கூடா, நல்ல நங்கூரம். ஒரு சாண் இழுபடல்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும்தானே கீழ படுத்துப் பாத்தன். வீட்டில ரெண்டு பேரும் சேர்ந்தே ஏச்சு வாங்குவம்" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும்போல இருந்தது. ஷாப்டைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் கரைவலைக்கு ஒரு வழக்கம் உண்டு. கயிற்றில் கை வைத்த எவரும், அவர் வழிப்போக்கராக இருந்தாலும், கறிக்கு மீன் வாங்காமல் திரும்புவதில்லை. கொடுக்காவிட்டால் அடுத்த வலை வெறும் வலையாக வரும் என்பது நம்பிக்கை. சம்மாட்டி தொந்தியைத் தடவிக்கொண்டு வந்தார்.

"மாஸ்டர், இவ்வளவு சனம் இழுத்தது. வந்தது ஜீப். அப்ப இதுல எல்லாருக்கும் பங்குதானே?"

மாமா என்னைப் பார்த்தார். மாமி சீலையை உதறினார். நான் வேறென்ன சொல்வேன்? இழுத்து எடுத்தவர்களுக்கு இல்லாத பங்கு, கடலில் விட்டவனுக்கு எங்கே இருந்து வரும்? சரி என்றேன். சம்மாட்டி அதைக் கரை முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்.

நான் பகிடி என்று நினைத்தேன். ஊர் அப்படி நினைக்கவில்லை. ஷாப்டை உப்புக் கழுவிப் பூட்டுவதற்குள்ளேயே ஒரு பங்குக்காரரின் மகளைப் பிரசவத்துக்குக் கொண்டுபோகவேண்டி வந்தது. இன்னொரு பங்குக்காரர் சீமெந்து ஏற்றினார். உழவு இயந்திரக்காரர் தன் பழுதான உழவு இயந்திரத்தையே அதில் கட்டி இழுத்துக்கொண்டு போனார். டீசலை அவரவரே அடிப்பார்கள், கழுவியும் தருவார்கள், குறை சொல்லமுடியாது. ஜீப் எப்போது வீட்டில் நிற்கும் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியாது.

இப்படியே வருசங்கள் ஓடி, எங்கள் மூத்த மகளுக்குக் கோவிலில் முதல் நன்மை கொடுத்த ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைச் சட்டையும் பூமுடியுமாக அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தால் முற்றம் வெறுமையாகக் கிடந்தது. மாமா, மாமி, நாங்கள் எல்லாரும் ஒரு முச்சக்கர வண்டிக்குள் மடங்கி, ஒருவர் மடியில் ஒருவராகக் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் இறங்கிச் சட்டையைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது, எங்கள் ஜீப் வந்து ஒய்யாரமாக நின்றது. முன் சீட்டிலிருந்து சம்மாட்டி இறங்கினார். எங்களையும், முச்சக்கர வண்டியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர் இது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஏத்திக்கொண்டு வந்திருப்பம்தானே? பின்னால இடம் இருந்தது. உங்களுக்கும் இதுல ஒரு பங்கு இருக்கல்லோ!"