கடல் பார்க்காத டேங்க் பாய்

கடலைக் கண்ணால் பார்க்காமலே கடலை ஆண்ட மனுஷன் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் டேங்க் பாய். பாலாற்றில் மணல்கூட மிச்சமில்லாத ஆம்பூரில், ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு அவர் "நிறுத்து" என்றால், மண்டபம் கடலில் போகிற படகு நின்றாக வேண்டும்.

நாங்கள் ஆறு பேர், கடலடியில் முளைக்கிற புல்லை அளக்கிறவர்கள். எங்கள் டைரக்டர் மேடத்தின் அப்பா வீட்டு மாடி சும்மா கிடந்ததால் ஆபீஸ் ஆம்பூரில். யார் எப்போது தண்ணீரில் இறங்குவது, எப்போது ஏறுவது என்று ஃபோனில் கண்காணிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. மேடம் பிடித்துவந்தது, தோல் பதனிடும் ஷெட்டில் கழிவுத் தொட்டிகளுக்குக் காவலாக இருபது வருஷம் நின்று ரிட்டயர் ஆனவரை. பேர் வந்த கதை அதுதான்.

"கடலைப் பத்தி உங்களுக்கு இன்னா பாய் தெரியும்?" என்று முதல் நாளே கேட்டேன்.

"ஒண்ணும் தெரியாது மா. உள்ள எறங்குறவன் செத்துப் போவான்னு தெரியும். அது போதும்."

வேலைக்குச் சேர்ந்த நாளில் வருகிற வார்த்தையைப் பாருங்கள்!

அடுத்த வாரம் பாய் அனுப்பி, மண்டபத்துக்குப் பஸ் பார்சலில் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் ஆறு ஜோடி வந்தது. இதைப் போட்டுக்கொண்டு குதித்தால் நேராகப் பாதாளம்தான் பாய் என்றேன். "அப்போ போடாதே. ஆனா படகுல இருக்கட்டும்" என்றார். காலையில் நாங்கள் கிளம்பும்போது ஃபோனில் பேப்பர் வேறு படித்துக் காட்டுவார். "குடியாத்தம் பக்கம் கிணத்துல ரெண்டு பேரு போய்ட்டாங்க."

"பாய், நாங்க கடல்ல இருக்கோம்."

"தண்ணி தண்ணிதான் மா."

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மேலே ஏறிய ஒவ்வொருவரும் மூச்சு வாங்கிக்கொண்டே ஃபோனுக்கு வந்து, ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: "காலைல இன்னா சாப்ட்டே?" எங்கள் முக்குளிப்பாளர் செல்வம் மண்டபத்துக்காரன். "என் பொண்டாட்டிகூட இம்புட்டு விசாரிக்க மாட்டா" என்று தலையில் அடித்துக்கொள்வான்.

ஏன் பாய் இந்தக் கூத்து என்று ஒருநாள் சண்டைக்கே போய்விட்டேன்.

"நல்லா இருக்கியான்னா எவனும் நல்லா இருக்கேன்னுதான் சொல்வான். டேங்க் வாயு மொதல்ல புத்தியைத்தான் புடிக்கும். சாப்ட்டதைக் கேட்டாதான் தெரியும்."

"கடல்ல ஏது பாய் வாயு?"

"நீ ஜாஸ்தி பேசுறே மா" என்று ஃபோனை வைத்துவிட்டார்.

அந்த வருஷத்துப் புல் அளப்புக்குக் கடைசி நாள் அது. மறுநாள் காற்று திரும்பிவிடும், அப்புறம் கடலில் இறங்க முடியாது. அளக்க ஒரே ஓர் இடம் பாக்கி. செல்வம் ஏறினான், தலை லேசாக வலிக்கிறது என்றான், ஃபோனை வாங்கினான். வழக்கமான கேள்வி.

"ஞாயித்துக்கிழமை" என்றான் செல்வம்.

படகே சிரித்தது. பாய் சிரிக்கவில்லை. "ஃபோனை நீ வாங்கு மா. காலைல இன்னா சாப்ட்டீங்க?"

"எல்லாரும் பூரி பாய்."

"படகைத் திருப்பு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதுகில் சிலிண்டரை மாட்டி நான் தயாராக நின்றேன். "அஞ்சே நிமிஷம் பாய், இல்லேன்னா ஒரு வருஷ வேலை போய்டும்!"

"போவட்டும்! ஒருத்தன் மயங்குன எடத்துல இன்னொருத்தர் எறங்கக் கூடாது. எறங்குனே, நான் போலீஸுக்கு ஃபோன் போடுவேன்!"

பேஜார் பிடித்த மனுஷன் என்று வாய்விட்டே திட்டிக்கொண்டு சிலிண்டரைக் கழற்றினேன். கரை வருவதற்குள் செல்வம் வாந்தியெடுத்துச் சுருண்டுவிட்டான். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது: காற்று நிரப்புகிற இடத்தில் டீசல் எஞ்சின் புகை சிலிண்டருக்குள் போயிருக்கிறது. என் முதுகில் இருந்ததும் அதே காலையில், அதே இடத்தில் நிரப்பினதுதான். ஆக்சிஜன் வைத்து இரண்டு நாளில் செல்வத்தை எழுப்பி உட்காரவைத்தார்கள்.

ஆம்பூர் போய் பாய் முன்னால் நின்றேன். நன்றி சொல்ல வாயெடுத்தால் அழுகைதான் வந்தது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கு ஒரு தம்பி இருந்தான் மா. டேங்க்ல எறங்கியிருந்தான். மேலேருந்து 'எப்படிடா இருக்கே'ன்னு கேட்டேன். 'நல்லா இருக்கேன் பாய்'ன்னான். நானும் நம்பிட்டு டீ குடிக்கப் போய்ட்டேன்."



போன வருஷம் நெஞ்சு சளி முற்றிப் பாய் போய்ச் சேர்ந்தார். இப்போது எங்களைப் பார்த்துக்கொள்ள செல்ஃபோனில் ஓர் ஆப் இருக்கிறது. ஆள் ஏறினால் பச்சைப் புள்ளி வருகிறது, யாரும் யாரையும் திட்டுவதில்லை, வேலை சுருக்காக முடிகிறது. எனக்குத்தான், கோபித்துக்கொள்ள ஆளில்லாத கடலில் இறங்க மனசே வரவில்லை பாய்.