கால் மருத்துவத் துறைக்குப் போகும் வழி

ஒரு காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அதன் கட்டடங்களில் நான்கு, உடல்நலம் மற்றும் மனித மேம்பாட்டுக் கல்லூரிக்குச் சொந்தம். காட்டில் மனிதர்களே கிடையாதே, யாரை மேம்படுத்துகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். மனிதனுக்கு மேம்பாடு தேவை என்பது மிருகங்களுக்குத் தெரியாதா என்ன? அவன் எப்போது வந்தாலும் ஆரம்பித்துவிடலாம் என்று தயாராக இருந்தார்கள்.

அந்தக் காட்டில் செவ்வந்தி என்று ஒரு புள்ளிமான். பாறை இடுக்கில் மாட்டி அதன் பின்னங்கால் பிசகிவிட்டது. கோடை வந்து இக்கரையில் புல் காய்ந்துகொண்டிருந்தது. பௌர்ணமிக்குள் மான் கூட்டம் ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போக வேண்டும். நொண்டுகிற மானைக் கூட்டிப் போவது அந்தக் கூட்டத்தில் வழக்கமில்லை. இக்கரையில் தனியாக நின்றால் சிறுத்தை ஒரு வாரம்கூட விட்டுவைக்காது.

"பெரிய காலேஜ் இருக்குது, போய்க் காலைச் சரி பண்ணிட்டு வா கண்ணு," என்றார் கூட்டத்தின் தலைவர் கொம்பையா. "சரியாகலீன்னா நாங்க பாட்டுக்குப் போயிருவோம். மனசுல வெச்சுக்காத."

செவ்வந்தி நொண்டிக்கொண்டே போய், ஆலமரத்தடியில் 'கால் மருத்துவத் துறை' என்று பலகை மாட்டிய கட்டடத்துக்குள் நுழைந்தது. உள்ளே ஒரு கரடி தேன் நக்கிக்கொண்டிருந்தது.

"கால் காட்ட வந்தனுங்க."

"இது ஊட்டச்சத்துத் துறை அம்மணி," என்றது கரடி.

"பலகைல கால்னு போட்டிருக்குதுங்களே?"

"கால் இங்க இருந்தது வாஸ்தவந்தான். நாலு வருசத்துக்கு முன்னால மாத்திட்டாங்க. பலகைய மாத்த முடியாது. அது சிங்கம் தன் கையால தெறந்து வெச்ச பலகை. அதக் கழட்டறதுக்கு யாருக்குத் தைரியம் இருக்குது? அதனால பலகை இருந்த எடத்துல இருக்கும், துறைங்கதான் அப்பப்ப எடம் மாறும். நீங்க ஊட்டச்சத்துன்னு எழுதின கட்டடத்துக்குப் போங்க. ஆபீஸ் அங்கதான் இருக்குது."

சதுப்பு நிலத்தைத் தாண்டி அங்கே போய்ச் சேர அரை நாள் ஆனது. அலுவலகத்தில் ஓர் உடும்பு, நாற்காலியை நான்கு காலாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது. படிவத்தை மூன்று பிரதி வாங்கிப் பார்த்துவிட்டு, கால் மருத்துவத் துறை இப்போது மலை உச்சியில் 'மனித மேம்பாடு' என்று எழுதியிருக்கும் கட்டடத்தில் இருக்கிறது என்றது. மொத்தம் நூற்று எண்பத்தேழு படிகள்.

செவ்வந்தி மலையை அண்ணாந்து பார்த்தது. "கால் சரியில்லாதவங்க எப்படிங்கண்ணா ஏறுவாங்க?"

"ஏறிப் போனவங்க யாரும் இதுவரைக்கும் கொறை சொன்னதில்லீங்க அம்மணி."

ஏறாதவர்களைப் பற்றி உடும்பிடம் தகவல் இல்லை. அதற்குத் தனிப் படிவமும் இல்லை.

ஒன்றரை நாள் ஏறியது செவ்வந்தி. மூன்று காலில் ஏறுவது எவ்வளவு கொடுமை என்று நான்கு காலும் நன்றாக இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது, நானும் முயலவில்லை. உச்சியில் துறைத் தலைவர் பேராசிரியர் பாறையப்பன் நின்றிருந்தார். அவர் ஒரு வரையாடு. செங்குத்துப் பாறையில் பிறந்து வளர்ந்தவர். இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். அவருக்குப் பின்னால் சுவரில், 'இதுவரை வந்த நோயாளிகள் 412. நன்றாக நடப்பவர்கள் 412' என்று பெரிதாக எழுதியிருந்தது.

செவ்வந்தியைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க நொண்டறீங்க."

"ஆமாங்க சார். அதுக்குத்தான் வந்தேன்."

"நொண்டிக்கிட்டு இங்க யாரும் வந்ததே இல்லியேம்மா. வர்றவங்க எல்லாரும் நல்லாத்தான் நடந்து வருவாங்க. நாளைக்குத் தர மதிப்பீட்டுக் குழு வருது. பக்கத்துக் காட்டு நாரைங்க, மூணு பேரு. நூறு சதவீதம்னு அறிக்கை அச்சடிச்சு வெச்சுட்டு உக்காந்திருக்கேன். இப்பப் போய் நீங்க வந்து நின்னா எப்படி?"

"ஏதாச்சும் வைத்தியம் பண்ணிப் பாருங்க சார். பௌர்ணமிக்கு மூணு நாள்தான் இருக்குது."

"வைத்தியமா?" பாறையப்பன் யோசித்தார். "அது இங்க யாருக்கும் தேவைப்பட்டதில்லம்மா. எங்களுக்குப் பழக்கம் விட்டுப்போச்சு."

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். 'இவரது கால் பூரண குணம்' என்று ஒரு சான்றிதழ் எழுதி, குளம்பால் முத்திரை குத்திக் கொடுத்தார். சுவரில் இரண்டு இடத்திலும் 413 என்று திருத்தினார். போகும்போது மட்டும் பின்பக்கமாகப் போய்விடச் சொன்னார்.

பாதி வழியில் படியிலேயே படுத்து செவ்வந்தி அழுதது. அழுது முடித்த பிறகும் மிச்சப் படிகள் அப்படியேதான் இருந்தன. இறங்கியது.

பௌர்ணமிக்கு முந்தின நாள் கூட்டம் கூடி நின்றது. கொம்பையா சான்றிதழை இரண்டு முறை படித்தார்.

"நட கண்ணு, பாக்கலாம்."

செவ்வந்தி நடந்தது. கால் இழுத்தது. கொம்பையா காலைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார், மறுபடியும் காலைப் பார்த்தார். முத்திரை குத்திய தாளைச் சந்தேகப்படும் பழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது.

"பூரண குணம்னு தெளிவாப் போட்டிருக்குது," என்றார். "ஆனா எனக்கு நீ நொண்டற மாதிரியே தெரியுது. அப்ப எங்கண்ணுலதான் கோளாறு. இந்தக் கண்ண வெச்சுட்டு உங்கள ஆத்துல எறக்க முடியாது. கண் வைத்தியம் எங்க பாக்கறாங்க?"

"அதுவும் அங்கேயேதானுங்க," என்றது செவ்வந்தி.

"எந்தக் கட்டடம்?"

செவ்வந்தி ஒரு நிமிடம் தரையைப் பார்த்தது. "பலகையப் பாத்துப் போனீங்கன்னாப் போதுங்க."

தலைவர் போனார். பௌர்ணமி வந்தது, போனது. தலைவர் இல்லாமல் நகர்ந்து பழக்கமில்லாத கூட்டம், காய்ந்த சருகை மென்றுகொண்டு காத்திருந்தது. அவ்வப்போது காக்கைகள் தகவல் கொண்டுவந்தன. கொம்பையா ஆலமரத்தடியில் கரடியோடு பேசிக்கொண்டிருக்கிறார், சதுப்பில் வரிசையில் நிற்கிறார், மூன்றாவது பிரதியில் கையெழுத்து விட்டுப்போனதால் திரும்பவும் முதலிலிருந்து வருகிறார். இதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. யாரும் தொந்தரவு செய்யாததால் செவ்வந்தியின் கால் தானாகவே சரியாகிவிட்டது.

புல் அடியோடு தீர்ந்த அன்று செவ்வந்தி எழுந்து ஒரு துள்ளுத் துள்ளிக் காட்டியது.

"போலாம் வாங்க."

"தலைவர விட்டுட்டா?" என்றது ஒரு கிழ மான்.

"அவரு மனசுல வெச்சுக்க மாட்டாருங்க."

செவ்வந்தி முதலில் தண்ணீரில் இறங்க, கூட்டம் பின்னாலேயே இறங்கியது. அப்போது கொம்பையா மலையில் நூற்று முப்பதாவது படியில் மூச்சு வாங்க நின்றிருந்தார். கீழே ஆற்றைப் பார்த்தார். தன் கூட்டம் முழுவதும் தன்னை விட்டுவிட்டு அக்கரை ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் செவ்வந்தி துள்ளிக்கொண்டு போனது.

'சே, கண்ணு ரொம்பத்தான் மோசமாயிருச்சு' என்று நினைத்தபடி நூற்று முப்பத்தொன்றாவது படியில் கால் வைத்தார்.

நீதி: காயம் தானாக ஆறிவிடும். அதுவரை தலைவர்களை அலையவிடப் போதுமான கட்டடங்கள் இருந்தால், அது நல்ல பல்கலைக்கழகம்.