மேல் வீட்டுச் செடி

கம்பியில் காய்ந்த துண்டின்மேல் சளசளவென்று தண்ணீர் கொட்டியது. சுகுமாறன் அண்ணாந்து வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார்.

சுங்கை வே ஃப்ளாட்டில் அவர் வீட்டுக்கு நேர் மேல் வீடு இராஜம்மாவுடையது. சுகுமாறனின் மனைவி லெட்சுமி இறந்த மாதம்தான் இராஜம்மா கைப்பிடிச் சுவர்மேல் ஒரு பூச்சட்டியை வைத்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் செடிக்குத் தண்ணீர், இவர் துண்டுக்குக் குளியல்.

"மேல கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று இவர் கத்துவார்.

"துண்டு காயப்போட வேற எடமே இல்லையா?" என்று இராஜம்மா கத்துவார்.

பிறகு இருவரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். காட்டுத்தீப் புகைமூட்டத்தில் ஊரே வாடிக் கிடந்தபோதும் அந்தச் செடி மட்டும் சிவப்பாகப் பூத்து நின்றதில் சுகுமாறனுக்கு வயிற்றெரிச்சல் வேறு.

இன்று கத்தாததற்குக் காரணம் பயம். முந்தின நாள் கோவில் மண்டபத்தில் ஒரு டாக்டரம்மா பேசினார். நெருங்கின மனிதர்கள் இருப்பவர்கள்தான் நோய்நொடி இல்லாமல் சந்தோஷமாக ரொம்ப நாள் வாழ்கிறார்களாம். யாரும் இல்லாதவர்கள்? டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார்.

சுகுமாறன் வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தார். மனைவி இல்லை. மகள் ஷாமினி சுபாங் ஜெயாவில், எந்நேரமும் மீட்டிங்கில். பூட்டின வீட்டுக்குள் செத்துக் கிடந்தால் யாருக்குத் தெரியும்? இனி யாரையும் பகைத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்தார். முதலில் இராஜம்மா.

அதனால் சத்தம் காட்டாமல் துண்டை உருவிக்கொண்டு உள்ளே வந்தார்.

சற்று நேரத்தில் ஒரு வாளித் தண்ணீர் மொத்தமாக வந்து விழுந்தது.

சண்டைக்கு இழுக்கிறாள்! பிடிகொடுக்கக் கூடாது. வாசலின் இரும்புக் கிரிலைப் பூட்டினார், கதவைச் சாத்தினார், டிவியையும் அணைத்தார். மேலே திடுதிடுவென்று ஓடும் சத்தம். படியில் செருப்புச் சத்தம். கிரில் தடதடவென்று ஆடியது. சற்று நிறுத்தி, மறுபடியும் ஆடியது.

இன்றைக்கு அடி நிச்சயம் என்று சுகுமாறனுக்குத் தோன்றிவிட்டது. பாத்ரூமுக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டு மகளுக்குப் போன் போட்டார்.

"அப்பா, மீட்டிங்ல இருக்கேன்பா. அப்புறம் கூப்பிடுறேன்."

அடுத்து, தினமும் டீ குடிக்கும் கடையின் காதருக்கு.

"அண்ணே, கடையில செம கூட்டம் லா. தே தாரிக்கா? அனுப்ப ஆளு இல்லண்ணே."

"டீ இல்ல காதரு, என் உயிரு..."

லைன் போய்விட்டது. வெளியே ஓர் ஆண் குரல் கேட்டது.

"அறுத்துடவா ஆன்டி?"

"அறு. சீக்கிரம் அறு!"

சுகுமாறன் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கிர்ரென்று இரும்பு அறுபடும் சத்தம் வந்தது. கிரிலுக்கு அடுத்து நான்தான் என்று நினைத்தார். டாக்டரம்மா சொன்னது சரிதான், கடைசி நேரத்தில் தனக்கென்று ஒரு ஜீவன் இல்லை.

பாத்ரூம் கதவு ஒரே உதையில் திறந்துகொண்டது. உதைத்தவன் கீழே மோட்டார் பட்டறை வைத்திருக்கும் குரு, கையில் இரும்பு அறுக்கும் கிரைண்டர். அவன் பின்னால் இராஜம்மா, இடுப்பில் பூச்சட்டி. கையில் இருந்ததைக் கீழே வைக்கக்கூட மறந்து ஓடி வந்திருக்கிறார்.

சுகுமாறனைப் பார்த்ததும் இராஜம்மாவின் முகம் கோணியது. சுவரைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார்.

"ஏண்ணே இன்னிக்குத் திட்டல?"

"எனக்கு நெருங்கினவங்க யாருமே இல்லம்மா. அதான்... உங்களோடயாவது சமாதானமாப் போகலாம்னு..."

"சமாதானமா!" கண்ணைத் துடைத்ததும் இராஜம்மாவுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. "நீங்க செத்து நாறினா மொதல்ல என் வீட்டுக்குத்தான் அடிக்கும். அதுக்குத்தான் வந்தேன், வேற ஒண்ணுமில்ல. நான் போறேன், செடிக்கு இன்னும் தண்ணி ஊத்தணும்."

"குடுங்க ஆன்டி, நான் தூக்கிட்டு வரேன்," என்று குரு பூச்சட்டியை வாங்கினான். இலையைத் தடவினான். பூவையும் தடவினான்.

"ஆன்டி, இது பிளாஸ்டிக் செடியாச்சே?"