மூன்றாவது காடி

அல்போன்ஸ் வந்து இறங்க இன்னும் ஒன்பது நாள் இருந்தபோது, இக்னேஷியஸ் விட்ட அம்பு பக்கத்து வீட்டுப் பச்சையப்பனின் பரங்கிக்காயில் போய் நின்றது.

"இன்னா சார், காய் வேணும்னா வாய்விட்டுக் கேக்கக் கூடாதா?" கூரைமேலிருந்து காயை இறக்கியபடி கேட்டார் பச்சையப்பன்.

"காத்து தள்ளிடுச்சு, பச்சையப்பன்."

கொல்லையில் ஓர் இலைகூட அசையவில்லை. சமையலறை வாசலில் நின்றிருந்த எலிசா அதைக் கவனித்தாள்.

வில் அவளுடைய அண்ணன் அல்போன்ஸ் பிரான்சிலிருந்து ஆள் மூலம் அனுப்பியது. எண்பத்தாறில் வில்லியனூரைச் சுற்றி அப்படியொன்றை யாரும் பார்த்ததில்லை. இரண்டு முனையிலும் சக்கரம். சக்கரத்தில் நாண் உட்கார மூன்று காடிகள், அதாவது பள்ளங்கள். காடியை மாற்றினால் நாணை இழுக்கும் நீளம் மாறும்: முதலாவது குட்டைக் கைக்கு, மூன்றாவது நீளக் கைக்கு. மாற்றுவதற்கென்று ஒரு கை ஜாக்கியும் வந்திருந்தது. அதன் கொக்கிகளை வில்லின் முனைகளில் மாட்டி நடுத்திருகைச் சுற்றினால் வில் மடங்கும், நாண் தொய்யும்.

இக்னேஷியஸ் சர்க்கரை ஆலையில் எடைமேடை கிளார்க். கிறிஸ்துமஸ் கடிதத்தில் கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டார்: 'இருபது கஜத்தில் வாழைத்தண்டு. குறி தப்புவதில்லை.' அல்போன்ஸ் எலிசாவுக்குப் பதில் போட்டிருந்தான்: 'மாதா கோயில் கொடியேற்றத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் எல்லாரையும் கூப்பிட்டு வை. மச்சான் விடுவதைப் பார்க்கணும்.'

அண்ணன் முன்னால் புருஷன் தலை குனியக் கூடாது. எலிசாவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வில் அவளுக்குப் புதிதுமில்லை. சின்ன வயதில் அவளும் அல்போன்சும் மூங்கில் சிம்பை வளைத்து, ஏரிக்கரையில் ஓணான்களை விரட்டியிருக்கிறார்கள். அவள் வயதுக்கு வந்த அன்று அம்மா அந்த வில்லை ஒடித்து அடுப்பில் வைத்தாள். அன்றைக்குச் சோறு சீக்கிரம் வெந்தது.

மறுநாள் காலை இக்னேஷியஸ் டிபன் கேரியரோடு சைக்கிளில் கிளம்பினார். மத்தியானம் எலிசா அவருடைய கல்யாணத்து முழுக்கைச் சட்டையை விரித்து, தையல் டேப்பால் கை நீளத்தை அளந்தாள். நெட்டை மனிதர். மூன்றாவது காடிதான் சரி. ஜாக்கியை மாட்டினாள், திருகினாள், நாணை மாற்றினாள்.

சரிபார்க்க வேண்டாமா? ஓர் அம்பு விட்டாள். காதைத் தாண்டி இழுக்கவேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் கை எட்டவில்லை. அம்பு வேலியைத் தாண்டிப் போனது.

"எந்தப் பாவிடா அது!"

நல்லவாட்டிலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவரும் தனக்கொடி வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். கூடையிலிருந்த கெளுத்தியில் அம்பு நின்றிருந்தது.

"செத்த மீன இன்னொரு தபா சாவடிச்சிட்டியே, யம்மா!"

"அக்கா, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. அவருக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாரு."

"நான் இன்னாத்துக்கு சொல்லப் போறேன்? இந்த மீன நீயே எடுத்துக்க."

அன்று மாலை இக்னேஷியஸ் விட்ட அம்பு பச்சையப்பன் வீட்டுச் சுவரில் காய்ந்த வறட்டியில் குத்தியது. "அடுப்புக்கு எடுத்து வெச்சதும்மா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மறுநாள் மத்தியானம் எலிசா வில்லை எடுத்தாள். நாண் முதல் காடியில் இருந்தது.

'இந்த மனுஷன் கண்டபடி மாத்தி வெச்சா எப்படிக் குறி படும்?' மாற்றுவதற்கு முன் ஒன்று விட்டுப் பார்த்தாள். சுகமாக வந்தது நாண். அம்பு வாழைத்தண்டின் நடுவில் நின்றது. தப்பான காடியிலேயே இப்படிப் போனால் சரியான காடியில் எப்படிப் போகும் என்று கணக்குப் போட்டாள். உடனே மூன்றாவதுக்கு மாற்றினாள்.

மாலையில் பரங்கிக்கொடியே அறுந்தது.

இப்படியே ஆறு நாள். அவள் மூன்றாவதில் வைப்பாள். விடிந்து அவர் வேலைக்குப் போனபின் பார்த்தால் முதலில் இருக்கும். அவள் விட்டால் நடுவில் நிற்கும், அவர் விட்டால் பச்சையப்பனுக்கு நஷ்டம்.

"எலிசா, வெயில்ல இந்த நாண் நீளுமா?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்.

அவள் ரசத்தைப் பார்த்துக்கொண்டே, "நீளும்னுதான் நெனைக்கிறேன்" என்றாள்.

"ராத்திரியில சுருங்குமோ?"

"சுருங்கும்."

"நீ பி.எஸ்சி. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தலையாட்டினார்.

சனிக்கிழமை அவள் நாணை மூன்றாவது காடியில் வைத்து, ஜாக்கியை அரிசிக் குதிருக்குள் புதைத்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து கொல்லை நிறையக் கூட்டம். பச்சையப்பன் மிச்சமிருந்த காய்களைக் கோணியால் மூடிவிட்டு வந்து நின்றார். அல்போன்ஸ் வாழைத்தண்டில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தான்.

"விடுங்க மச்சான்!"

இக்னேஷியஸ் வில்லைத் தூக்கினார். முகத்தைச் சுளித்தார். "தோள் புடிச்சிக்கிச்சு மச்சான். எலிசா விடுவா."

ஒரே சிரிப்பு. "எலிசாவா? அவள கறிக்கொழம்பப் பாக்கச் சொல்லுங்கப்பா" என்றாள் அன்னாமேரி அத்தை.

எலிசா நேற்று தான் மாற்றி வைத்ததை நினைத்தாள். அவள் கைக்கு அடங்காத மூன்றாவது காடி. மாட்டேன் என்றால் அவர் சொன்ன சொல் போய்விடும். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வில்லை வாங்கினாள். இழுத்தாள்.

நாண் சுகமாக வந்தது.

அம்பு சுண்ணாம்புப் பொட்டில் நின்றது.

"யாருடி உனக்குக் கத்துக்குடுத்தது?" அல்போன்சின் கண் கலங்கியிருந்தது. குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். முதல் காடி. தோள் பிடித்த மனிதர், கலர் பாட்டில் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு விருந்தாளிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தார்.

கிணற்றடியில் விருந்துக்கு மீன் ஆய்ந்துகொண்டிருந்த தனக்கொடியிடம் ஓடினாள்.

"அக்கா, ஜாக்கிய அரிசிக்குள்ள ஒளிச்சு வெச்சும் தேடிப் புடிச்சு மாத்தியிருக்காரு. எதுக்குக்கா திரும்பத் திரும்ப மாத்தறாரு?"

"வேற எதுக்கு, உனக்காகத்தான்," என்றாள் தனக்கொடி. "தெனம் சாப்பாட்டு மணிக்கு சைக்கிள்ல வந்து, வேலியோரம் என் பக்கத்துலயே குந்திக்கினு நீ வுடறத பாத்துட்டு, 'அவ கைக்கு எட்டல தனக்கொடி, நான் மாத்தி வெச்சிடறேன்; சொல்லிடாத, தெரிஞ்சா வெக்கப்பட்டு நிறுத்திடுவா'ன்னாரு."